கட்டியைவிடப் பயமுறுத்திய கவனிப்பு

சாப்பிட உட்கார்ந்தாலே எனக்குத் தாடைக்கு அடியில் நெல்லிக்காய் அளவு வீங்கும். கண்டரமாணிக்கத்திலிருந்து காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். ரிசல்ட் கேட்க என் கணவர் மட்டும் உள்ளே போனார். வெளியே வந்து, "ஒண்ணுமில்ல" என்றார்.

மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னைக் குறை சொல்லாமல் ஒரு வாய் காபி குடித்தறியாத மாமியார், "நீ உக்காரு தாயி, துணிய நான் தொவைக்கிறேன்" என்றார். நான் அடுப்படிக்குள் நுழைந்தால் அம்மாவும் மகனும் பேச்சை நிறுத்தினார்கள். புற்றுநோய்தான், மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி டாக்டர் முன்னால் போய் நின்றேன். "மறைக்காமச் சொல்லுங்க டாக்டர், புத்துநோயா?"

"எச்சில் சுரப்பியில கல்லும்மா. ஆபரேஷன் பண்ணி அந்தச் சுரப்பிய எடுத்துட்டா சரியாயிரும். நீங்க பயப்படுவீங்கன்னு, நாள் குறிக்கிற வரைக்கும் சொல்ல வேணாம்னாரு உங்க வீட்டுக்காரர்."

வீட்டுக்கு வந்து, "எங்கிட்டச் சொல்லாமலே என் கழுத்த அறுக்க நாள் பாத்தீகளா?" என்று கணவரிடம் கத்தித் தீர்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்த மறுநாள் காலை, "இன்னும் என்ன தூக்கம்?" என்று மாமியார் குரல் கேட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

இப்போதெல்லாம் என் ரிசல்ட்டை நானே உள்ளே போய்க் கேட்கிறேன். ஆனாலும் மாமியார் "தாயி" என்று கூப்பிட்டுவிட்டால், கை தானாகத் தாடைக்கு அடியில் போய்த் தடவிப் பார்க்கிறது.