வரிகளை மாற்றிப் போட்ட மெஷின்

கம்ப்யூட்டர் அறையில் அன்றைக்கு இருந்தவர்கள்: வெள்ளைக்கார மிஸ் ஒருவர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். வயர் மாட்ட வந்த மலையாளி ஒருவர். மாப்பும் வாளியுமாக நான். துபாயில் அந்தப் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கச் சேர்ந்து அது ஆறாவது வருஷம். பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்து வாசித்தார்கள். அவரவருக்கு அவரவர் பாடம். ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குக் கேட்காது. எங்கள் கடலாடிப் பக்கத்தில் சார் ஒரு வரி சொல்வார், வகுப்பே சேர்ந்து கத்தும். நானும் மூன்றாம் வகுப்புவரை கத்தியவன்தான். தனித்தனியாக முணுமுணுப்பது எனக்குப் புதுசு.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான மெஷின் அது. சிரியாப் பெண் ஒருத்தி திரையைப் பார்க்காமலே கடகடவென்று சொன்னாள். கெட்டிக்காரி என்று நினைத்தேன். மெஷின் வரிகளை மாற்றிப் போட்டது. அவள் நின்றுவிட்டாள். ஒரு சொல்லும் வரவில்லை. மிஸ் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.

மாப்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். என் மகள் செல்வி அப்போது ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் போனில் அவள் தமிழ்ப்பாடம் வாசிக்க வேண்டும், நான் கேட்பேன். எங்கும் தடுமாறமாட்டாள். "ஒப்பிக்கிறதுல அவதான் முதல்" என்று அவளுடைய சாரும் சொல்லியிருந்தார். தடுமாறாமல் சொன்னால் வாசிப்பு என்றுதான் எங்கள் பக்கம் கணக்கு. ஆறு வருஷமும் அப்படியே நம்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை போன் போட்டேன். அவள் முதல் வரியைத் தொடங்கினாள்.

"இரு தாயி. கடைசி வரியிலருந்து வாசி."

மறுபடி முதல் வரியையே தொடங்கினாள்.

"புத்தகம் கையில இருக்கா?"

"இருக்குய்யா."

"அப்ப வாசி."

விசும்பல் கேட்டது. பிறகு என் வீட்டுக்காரி போனை வாங்கினாள். "புள்ளைய என்ன கேட்டீக? இப்புடி அழுவுறா. நல்லாத்தான வாசிச்சுக்கிட்டு இருந்தா?"

பள்ளிக்கூடம் திறந்த அன்று கம்ப்யூட்டர் அறை வாசலில் போய் நின்றேன். மிஸ் ஒரு நாற்காலியைக் காட்டினார். தூசி என்று நினைத்து நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். மிஸ் சிரித்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்த ஊரில் அப்படி யாரும் எனக்கு நாற்காலி காட்டியதில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டார். குரல் சொல்லச் சொல்ல, திரையில் அந்தச் சொல் மஞ்சளானது. "தமிழ் இருக்கா மிஸ்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். எழுந்து வாளியை எடுத்துக்கொண்டேன்.

லீவு கிடைக்க எட்டு மாதமானது. அதற்குள் செல்வி ஒன்பதில் பெயிலாகி மிளகாய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் போனுக்கே வருவதில்லை என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடத்துக்கே போகாமல் ஆகிவிட்டது. ஊரில் இருந்த நாற்பது நாளும் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். "இனிமே எதுக்குய்யா" என்றாள். அடிக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. கேட்டது நான்தான். கெடுத்ததும் நான்தான்.

திரும்பும் நாள் கடலாடி பஸ் ஸ்டாண்டுக்கு அவள் மட்டும் வந்தாள். ஒரு பஸ் வந்து நின்றது.

"அந்த போர்டு என்னன்னு பாரு."

பார்க்காமலே சொன்னாள். "மதுரை."

நான் மதுரைக்குப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். போர்டில் பரமக்குடி என்று இருந்தது.

"மதுரை இல்ல தாயி. எழுத்தப் பாரு."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏண்ணே, ஏறுறீகளா, போர்டுக்குப் பொண்ணு பாக்குறீகளா?"

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் பின்னால் மதுரை பஸ் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையாட்டுவாள் என்று பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. பரமக்குடி பஸ்ஸின் முன்னால் நின்று போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைத் தூக்கி ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுச் சொன்னாள். இறங்கிவிடலாமா என்று இருந்தது. என் பஸ் நகர்ந்தது.

எனக்குக் கேட்டது மூன்று எழுத்து: ப, ர, ம.