முறுக்கு வாளிக்குள் ஒரு சீனக் கூரை ஓடு

பழைய சீனக் கூரை ஓடுகளையும் மரச் செதுக்கல்களையும் பார்க்க, ஜெர்மனியின் சுவிஸ் எல்லை நகரமான கொன்ஸ்டான்ஸ் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போங்கள். நாங்கள் செய்த முட்டாள்தனத்தை மட்டும் செய்யாதீர்கள்.

என் கணவர் ரஞ்சன் ஸ்டுட்கார்ட்டில் கூரை வேலை செய்கிறவர். விடுமுறைக்கு மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவர் ஓடு பார்க்கப் போவார். கொன்ஸ்டான்ஸ் பழைய நகரத்தில் ஒரு கடைக்குச் சீன அலங்கார ஓடுகள் வந்திருக்கின்றன என்று இணையத்தில் கண்டுபிடித்தார். சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அடுத்த செவ்வாய் காலை 9.30க்கு அவருக்கு ஜெர்மன் குடியுரிமைப் பத்திரம் கையில் தருகிற டெர்மின், அதாவது அலுவலகம் குறித்துத் தந்த நேரம். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் இந்தப் பயணமே. செவ்வாய் முடியும்வரை பொறுத்திருக்கலாம்.

காலை 7.10க்குப் புறப்பட்டு 9.25க்குப் போய்ச் சேர்ந்தோம். 180 கிலோமீட்டர். வண்டி நிறுத்த 11 யூரோ. கடை சிறியது. சுவர் முழுக்க மரச் செதுக்கல்கள்: மாதுளை, வௌவால், முகில். மேசையில் பச்சையும் மஞ்சளும் மினுங்கும் ஓட்டு உருவங்கள். ரஞ்சன் ஒன்றைத் தூக்கியவர் பிறகு கீழே வைக்கவே இல்லை. கோழி மாதிரி ஒரு பறவைமேல் ஒரு மனிதன். ஒரு சாண் உயரம், நல்ல கனம். நூறு வருடத்துக்கு மேல் பழையது என்றார் கடைக்காரர். கூரை விளிம்பின் நுனியில் இருப்பவன் இவன்தானாம். முன்னால் ஓரடி வைத்தால் விழுவான். பின்னால் வரிசையாக மிருகங்கள். 380 யூரோ கொடுத்தோம். ஓட்டை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, பில்லையும் அதற்குள் போட்டுத் தந்தார்.

அத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ரஞ்சனின் அக்கா, என் மச்சாள் சுகந்தி, எல்லைக்கு அந்தப் பக்கம் சுவிஸில் குரொய்ஸ்லிங்கனில் இருக்கிறார். வண்டியில் பத்து நிமிடம். கொன்ஸ்டான்ஸ் வரை வந்து மச்சாள் வீட்டில் சாப்பிடாமல் போனால் அந்தக் கதை கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் வரை போகும். ஓடு வண்டியில் இருக்க, எல்லையைத் தாண்டிப் போனோம். யாரும் மறிக்கவில்லை.

மச்சாளுக்கு ஓட்டைக் காட்டினோம். அவருக்குப் பெட்டி பிடிக்கவில்லை. "இந்த மெல்லிசுப் பெட்டியில வைச்சா உடைஞ்சு போம். நீங்கள் சாப்பிடுங்கோ, நான் வடிவா வைச்சு விடுறன்."

வண்டியின் பின்பக்கம் மச்சாள் தந்த சாப்பாட்டுப் பொதிகளாலும் மூடி போட்ட வாளிகளாலும் நிறைந்தது. பிற்பகல் 3.40க்குத் திரும்பி வந்தபோது ஜெர்மன் பக்கத்தில் மறித்தார்கள். உயரமான ஒரு சுங்க அதிகாரி. பொருள் ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று கேட்டார். ரஞ்சன் பதறி, "இல்லை, சாப்பாடு மட்டும்" என்றார். ஓடு ஜெர்மனியில் வாங்கியதுதானே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி ஒரு வாளியைத் திறந்தார். மேலே முறுக்கு. முறுக்குக்குக் கீழே மச்சாளின் பழைய சேலை. சேலைக்குள் எங்கள் கோழிக்காரன். கள்ளக் கடத்தலுக்கென்றே பொதி செய்தாலும் அவ்வளவு நேர்த்தியாக வராது.

"இது சாப்பாடா?" என்றார் அவர்.

வழக்கு என்று ஒன்று பதிந்தால் செவ்வாய்க்கிழமை வரவேண்டிய பத்திரம் போய்விடும். அதைவிடப் பயமாக இருந்தது ரஞ்சனைப் பார்க்க. வண்டியை விட்டு இறங்கி, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில், இலங்கையில், வவுனியா இராணுவச் சோதனைச் சாவடியில் பழகியது. அதிகாரியே கையை இறக்கச் சொன்னார்.

பில் எங்கே என்று கேட்டார்கள். மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"பெட்டியோ? அதைப் பழைய பேப்பரோட கட்டி வாசல்ல வைச்சிட்டன்."

"மச்சாள், அதுக்குள்ளதான் பில் கிடக்கு!"

"ஐயோ பிள்ளை! நில்லுங்கோ, வாறன்."

முப்பத்தைந்து நிமிடம் சுங்க அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். இன்னொருவர் ரஞ்சனின் பெயரைக் கணினியில் தட்டினார். ஒவ்வொரு தட்டலும் எனக்குக் கேட்டது. "இஞ்சருங்கோ, செவ்வாய்க்கிழமை..." என்று தொடங்கினேன். "நீர் பயப்படாதையும்" என்றார். கண்ணை அந்தக் கணினியிலிருந்து எடுக்கவே இல்லை.

பழைய கோயிலிலிருந்து எடுத்த சிலையா என்று அதிகாரி கேட்டார். அப்போதுதான் ரஞ்சனுக்கு நாக்கு வந்தது. உருவத்தைத் திருப்பி அடியைக் காட்டினார். இது ஓடு, இந்த வளைவு அடுத்த ஓட்டில் பொருந்தும், இந்தத் துளையில் ஆணி இறங்கும், நானும் கூரைக்காரன் என்றார். அதிகாரி துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

வீட்டுச் செருப்போடு மச்சாள் ஓடி வந்தார். நெஞ்சோடு அணைத்தபடி பழைய பேப்பர்க் கட்டு முழுவதும். பிரித்துப் பார்க்கக்கூட நிற்கவில்லை, அப்படியே தூக்கி வந்திருக்கிறார். நடுவில் பெட்டி, அதற்குள் பில். அன்றைய தேதி, நேரம் 11.05, கடை முத்திரை. ஜெர்மனியில் வாங்கித் திருப்பிக் கொண்டுவருகிற பொருள்தான் என்று அதிகாரி ஏற்றுக்கொண்டார். பிறகு ஐந்து நிமிடம் ஏச்சு. போகலாம் என்றார். மச்சாள் வெளியே நின்று அழுதார், நானும் அழுதேன்.

பயம் அத்தோடு விடவில்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் பத்திரம் தருகிற அம்மா "ஒரு நிமிடம்" என்று அடுத்த அறைக்குப் போனபோது, எல்லையில் நடந்தது எல்லாம் கணினியில் வந்துவிட்டது என்று நினைத்து ரஞ்சனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பேனா எடுத்துக்கொண்டு வந்தார்.

போகிறவர்களுக்கு: முதலில் மச்சாள், பிறகு கடை. எல்லைக்கு அப்பால் வேலை இருந்தால் அதை முடித்துவிட்டு, வீடு திரும்பும் வழியில் ஓடு வாங்குங்கள். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் இரண்டு பக்கச் சுங்கத்திலும் முன்பே சொல்லுங்கள். பில் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். சாப்பாட்டுப் பொதியை மறுக்காதீர்கள், மறுக்கவும் ஏலாது. ஆனால் யார் எதை எதற்குள் வைத்தார்கள் என்று நீங்களே திறந்து பாருங்கள்.

கோழிக்காரனை நான் புத்தக அலுமாரியின் விளிம்பில் வைத்திருந்தேன், அவனுடைய இடம் அதுதானே என்று. செவ்வாய்க்கிழமை பத்திரத்தோடு வீட்டுக்கு வந்த ரஞ்சன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே போய் அவனைத் தூக்கி அலுமாரித் தட்டின் நடுவில் வைத்தார்.

"ஓரத்தில நிண்டது போதும்" என்றார்.