விளக்கடியில் இருந்த டாலர்

பாவரோ கடற்கரை விடுதியின் மூன்றாம் மாடியில் அறைகளைச் சுத்தம் செய்பவள் யுடெல்கா. அங்கே தங்க வந்த ஒரு கனடாக்காரப் பெண்மணியின் அறையில், முதல் நாள் மேசை விளக்கின் அடியில் ஐந்து டாலர் இருந்தது. யுடெல்கா அதைத் தொடாமல் சுற்றித் துடைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அங்கே பத்து டாலர், மூன்றாம் நாள் இருபது.

நான்காம் நாள் பணத்தோடு ஒரு கடிதமும் இருந்தது. தப்புந்தவறுமான ஸ்பானிய மொழியில், "யுடெல்கா, இதுவும் குறைவா? மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தது.

யுடெல்கா கடிதத்தோடு அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு ஓடினாள். துணி வண்டியைத் தள்ளி வந்த தோழி அல்தாக்ராசியா அதை வாங்கிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி, பேரம் பேசுறேன்னு நினைச்சிட்டாங்கடி! இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா நூறு ஆகியிருக்கும்."

சிரிப்புச் சத்தம் கேட்டு, லிஃப்டிலிருந்து இறங்கிய அந்தப் பெண்மணியே வந்து நின்றார். யுடெல்காவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"குறைச்சல் எல்லாம் இல்லம்மா. விளக்கடியில இருந்தா அது உங்க பணம், தொட்டா வேலை போயிடும். தலையணை மேல வச்சாத்தான் எங்களுக்கு."

"இதை யாருமே சொல்லலையே" என்றவர், அறைக்குள் போய் எல்லா நோட்டுகளையும் அள்ளித் தலையணை மேல் வைத்தார்.

அன்று மாலை ஊழியர் பேருந்தில் ஏறிய அத்தனை பேருக்கும் யுடெல்காவின் கணக்கில் பொரித்த மீன் கிடைத்தது.