லோவிக் வீட்டு நாற்காலி

நான் ஓரிடத்தில் உட்காரமாட்டேன். தேவாலயத்தில்கூடப் பிரசங்கம் முடியும்வரை பின்னால் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பேன். மூலவியாதி என்று தெருவில் பேச்சு. அதுவாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் லண்டன் லாம்பெத்தில் லோவிக் வீட்டுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்போது லண்டனில் செப்புத் தகடு தேய்க்கும் வேலை எனக்கு. பழைய படத்தைச் சுரண்டி, வழவழப்பாக்கி, புதிதாகச் செதுக்கக் கொடுப்போம். லோவிக் என்ற கவிஞர் அந்த ஆகஸ்டில் இறந்திருந்தார். தன் பாட்டையும் படத்தையும் தானே செப்பில் செதுக்கி அச்சடித்தவர். வெற்று நாற்காலியைப் பார்த்து வரைவார். தேவதைகள் வந்து உட்காருகிறார்கள் என்பார். ஊரே சிரித்தது. பென்ஃபோல்ட் பாதிரியார் மட்டும் சிரிக்கவில்லை. லோவிக் விட்டுப்போன தகடுகளுக்கு அவர்தான் பொறுப்பாளர். எல்லாம் சாத்தானின் வேலை, சுரண்டிவிடுங்கள் என்று என் முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார்.

"வெறுங்கையோட வந்தா அப்படியே வீட்டுக்குப் போயிடு," என்று சொல்லி, தகடுகளை வாங்கிவர என்னை அனுப்பினார் முதலாளி.

டிசம்பர். மதியம் மூன்று மணிக்கே மூடுபனியில் தெருவிளக்கை ஏற்றிவிட்டார்கள். லோவிக்கின் மனைவி கதவைத் திறந்தாள். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அதையும் சுரண்டிட்டா அவரு எதைப் பிடிச்சுக்கிட்டு வருவாரு, தம்பி?"

"யாரும்மா?"

"மிஸ்டர் லோவிக்தான். இரு, கேட்டுட்டு வர்றேன்."

உள்ளறையில் பேச்சு கேட்டது. அவள் குரல் மட்டும்.

திரும்பி வந்தாள். "எடுத்துட்டுப் போகலாமாம். ஆனா உன் படம் முடியுற வரைக்கும் அசையாம உக்காரணுமாம்."

"என் மூஞ்சியவா? தேவதைங்க யாரும் கிடைக்கலையா அவருக்கு?"

"வாய மூடிட்டு உக்காருப்பா. தொப்பியக் கழட்டு."

கிழவியின் மனம் நோகவேண்டாமே என்று அந்த வெற்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் நிலக்கரி எடுக்கக் கீழே போனாள். எதிரே மேசை. அதன் பின்னால் யாருமில்லை.

நாற்காலி சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல...

சரக்... சரக்...

காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம். எலி என்று நினைத்தேன். திரும்பினேன். நின்றது.

நேராக உட்கார்ந்தேன். சரக்...

மூக்கைச் சொறிந்தேன். நின்றது.

கையை இறக்கினேன்.

சரக்... சரக்...

என் மூக்கைப் பற்றி எலிக்கு என்ன கவலை?

தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன்.

மோவாயில் இரண்டு விரல்கள். சில்லென்று.

தலையை நேராக்கின.

ஓடினேன்.

வேலை போயிற்று. ஒரு வாரம் கழித்து, விட்டுவந்த தொப்பியைக் கேட்கப் போனேன். வாசலைத் தாண்டவில்லை. அவள் ஒரு தாளை நீட்டினாள். என் முகம். வலப்பாதி மட்டும். கன்னத்தில் அமிலம் தெறித்த தழும்புகூட இருந்தது.

"நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா."

"எனக்குக் கோடே நேரா வராது. இது அவரு இருக்கறப்போ வரைஞ்சது. யாருன்னே தெரியாம வெச்சிருந்தேன். நீ வந்து கதவைத் தட்டினப்பதான்..."

கீழே அவர் கையெழுத்தும் தேதியும். இரண்டு வருடம் பழையது. பட்டறையில் அமிலம் என்மேல் தெறித்தது அவர் இறந்த பிறகு, இந்த அக்டோபரில்தான்.

இப்போது நிலக்கரி சுமக்கிறேன். நாள் முழுக்க நடை, அதுதான் வசதி. எங்கே அசையாமல் உட்கார்ந்தாலும் அந்தச் சத்தம் கேட்கிறது. பாதிரியார் தகடுகளைக் கேட்டு அவளிடம் நேரிலேயே போனாராம். "படம் முடிஞ்சதும் தர்றேன். அவரு குடுத்த வாக்கு," என்று அனுப்பிவிட்டாளாம். அதில் எனக்குச் சந்தோஷம்தான். நான் ஒருவன் உட்காராமல் இருந்தால் போதுமே, படம் முடியாது, தகடுகள் தப்பும்.

போன வாரம் அவள் தெருவுக்கு மூட்டை கொண்டுபோனேன். ஓடிவந்து தாளைக் காட்டினாள்.

இடக்காது வந்திருந்தது. தாடை வந்திருந்தது. வாயோரத்தில் கொஞ்சம்தான் பாக்கி.

வலக்கண் திறந்திருந்தது.

இடக்கண்... மூடியிருந்தது.

"ராத்திரியில தூங்காதப்பா," என்றாள்.