ஏழாவது வளைவும் நான் போட்டதுதான்

ஒரு கடப்பாரை, இரண்டு மண்வெட்டி, ஒரு செவலை எருது. இவற்றை வைத்துக்கொண்டு நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் அடிவாரத்திலிருந்து எங்கள் ஊர் வரை பன்னிரண்டு வளைவுள்ள ஒரு மண் ரோடு. அந்த ரோட்டில் ஏறிய முதல் ஜீப். ஜீப் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் எங்கள் ஊரின் முதல் ஓட்டு வீடு. ஓடு கண்ணமங்கலத்திலிருந்து வந்தது, வழியில் உடைந்தது நான்கே நான்கு.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்து கீழே இறங்கினார், திரும்பி ஏறவில்லை. ஏறுவதற்கு ரோடு இல்லை என்றார்கள். ரோடு போட்டுவிட்டு அவரைக் கூப்பிடப் போனேன். அவர் ரிட்டயர் ஆகியிருந்தார்.

இந்த வருடம் என் ரோட்டின் மேல் தார் போட்டார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது வளைவில் நின்று, “சுதந்திரம் அடைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இந்த மலைக் கிராமத்துக்கு முதன்முறையாகச் சாலை” என்று சொன்னது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“எப்படி இருக்கு தாத்தா?” என்று கேட்டது.

“நல்லா கீதும்மா. இது நான் போட்ட ரோடு” என்றேன்.

டிவியில் ‘நல்லா கீதும்மா’ மட்டும் வந்தது.

என் மனைவி அதை போனில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். “இன்னாய்யா, முதல் ரோடு இப்பதான் வந்துதாமே? அப்ப இத்தினி வருசமா புளி மூட்டைய தூக்கினு நான் ஆகாசத்துலயா நடந்தேன்?”

அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

ரோடு போட்ட விதம் இதுதான். எருதின் முதுகில் இரண்டு மூட்டை புளியை ஏற்றி, அடிவாரத்தில் கயிற்றை விட்டுவிடுவேன். பாரம் சுமக்கிற எருது செங்குத்தாக ஏறாது. சரிவு பார்த்துச் சாய்வாகப் போகும், மூச்சு முட்டுகிற இடத்தில் திரும்பிக்கொள்ளும். நான் பின்னாலேயே போய் அது நடந்த வழியில் சாம்பல் தூவுவேன். சாம்பல் கோடுதான் ரோடு, அது திரும்பிய இடம்தான் வளைவு. அப்புறம் வெட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு ஒன்பது வருடம் ஆயிற்று.

அந்த ஒன்பது வருடத்தில் நாட்டிலும் சிலது நடந்தது. படித்தவர்கள் அதைத் தேதி வைத்துச் சொல்கிறார்கள். எனக்கு வளைவு வைத்துத்தான் சொல்ல வரும்.

முதல் நான்கு வளைவும் எமர்ஜென்சி. டில்லியில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கீழே ஆம்பிளைகளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சு மட்டும் மலையேறி வந்தது. பேச்சுக்குப் பின்னாலேயே கணியம்பாடி பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஏறி வந்தார்கள். சும்மா உட்கார்ந்து எங்கள் களியைத் தின்றவர்கள் கையில் கடப்பாரையைக் கொடுத்தேன். நன்றாகவே வெட்டினார்கள். நான்காவது வளைவு முடிந்த அன்று மத்தியானம் ஒருவன் களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

“ஏண்ணா, இந்த ரோடு முடிஞ்சா இதுல இன்னா வரும்?”

“ஜீப்பு வரும்.”

அவன் மற்றவர்களைப் பார்த்தான். மறுநாள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. இன்னும் மேலே, நெல்லிவாசல் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது என்று யாராவது பேசினால், நாலு வளைவும் வந்தது என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

ஐந்தும் ஆறும் எங்கள் ஊர் ஆட்களை வைத்தே வெட்டினேன். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சரியாக இருக்கின்றன.

ஏழாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறுக்குப் பிறகு எருது ஒரு மொட்டைப் பாறையைக் குறுக்கே கடந்து நேராகப் போயிருந்தது. சாம்பலும் நேராகத்தான் தூவியிருந்தேன். அந்தச் சமயத்தில் ஸ்கைலாப் விழப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்த வீடு அளவு இரும்பு, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் ரேடியோ வைத்திருந்தவன் என் மனைவியின் தம்பி. அவன் கேட்டுக்கொண்டு வந்து சொன்னதும் மொட்டைப் பாறையில் நிற்க ஒருவரும் சம்மதிக்கவில்லை.

“மாமா, அங்க நின்னா மேல இருந்து பளிச்சுனு தெரிவோம்” என்றான் மச்சான்.

“அது இன்னா கண்ணு வச்சிப் பாத்துகினா வுழுது?”

“ரேடியோவுல பாக்காதுன்னு சொல்லல மாமா.”

வேலையை நிறுத்த நான் சம்மதிக்கவில்லை. எனவே புளியந்தோப்புக்குள், மரத்தடியாக வெட்டுவது என்று முடிவாயிற்று. புளியங்கிளை முறியாது, இரும்பைத் தாங்கும் என்றார்கள். நாலு நாள் மரத்தடியாகவே வெட்டினோம். ஐந்தாம் நாள் எல்லோரும் ஆட்டை அறுத்தார்கள். உலகம் முடிந்தபின் ஆடு எதற்கு என்பது அவர்கள் கணக்கு. எனக்குப் பயம் கிடையாது. கறி இருந்ததால் மரத்தடியில் உட்கார்ந்தேன்.

அது எங்கோ வேறு தேசத்தில் விழுந்தது. எங்களிடம் ஆடும் இல்லை, நேர் வழியும் இல்லை. வெட்டிய மண்ணை வீணாக்க யாருக்கும் மனம் வராததால் ரோடு தோப்பைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. எருது போட்டது பதினொன்று. நாங்கள் சேர்த்தது ஒன்று.

பதினோராவது வளைவில் இருந்தபோது பிரதமராக இருந்த அந்த அம்மாவைச் சுட்டுவிட்டதாக ரேடியோ சொன்னது. மச்சான் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். கீழே மூன்று நாள் பஸ் இல்லை, கடை இல்லை என்றார்கள். மேலே எப்போதுமே பஸ்ஸும் கடையும் கிடையாது என்பதால் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பன்னிரண்டாவதை முடித்து ஜீப்பை ஏற்றியபோது ஊரே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது.

இப்போது தார் போட வந்த எஞ்சினியருக்கு வருகிறேன். சின்ன வயது, நல்ல பையன். என் கடையில் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

“பெரியவரே, பழைய வழிய யார் போட்டது? அடிவாரத்துல கல்லு வைக்கப் போறாங்க. ரோட்டப் பத்தி நாலு வரி எழுதித் தரணும்.”

“நான்தான் சார்.”

“எல்லா வளைவுமா?”

“எல்லா வளைவும்.”

“மெஷின் வச்சுப் பாத்தா நீங்க போட்ட கோடேதான் வருது. ஏழாவதுதான் புரியல. அங்க ஏன் திரும்புது? அடுத்த வருஷம் பாறைய ஒடச்சு நேராக்கிடலாம்னு எழுதப் போறேன்.”

நான் டீயை இரண்டு தடவை ஆற்றினேன். “மண்ணு பாத்துப் போட்டது சார். பாறைக்கு அடியில ஈரம்.”

எஞ்சினியர் நோட்டை எடுத்து, ‘அடியில் ஈரம் இருப்பதை அறிந்து’ என்று எழுதி, பக்கத்திலேயே என் பெயரையும் எழுதி, இனிஷியல் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சானுக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

“இன்னா மாமா ஈரம்? ஸ்கைலாப்பு தலைல வுழும்னு பயந்துகினு மரத்தடியா வெட்னோம் சார். ஆடெல்லாம் அறுத்துட்டோம். ஈரல மாமாதான் துன்னாரு.”

எஞ்சினியருக்கு டீ மூக்கில் ஏறியது. சிரித்து முடித்துவிட்டு அந்த வரியை அடித்தார். என் பெயரும் அதே வரியில் இருந்தது.

போன வாரம் கல்லில் வெட்டப்போகிற வாசகத்தைத் தாளில் காட்டினார்கள். பேத்தியைப் படிக்கச் சொன்னேன். ‘பழைய மாட்டு வழி மேம்படுத்தப்பட்டது’ என்று இருக்கிறது. எருதுக்குப் பேர் கிடைத்துவிட்டது. அது உழைத்தது, நான் குறை சொல்லவில்லை.

ஏழாவது வளைவு வீண் என்கிறார்கள். கொரோனா வந்தபோது பெங்களூரில் கட்டட வேலை பார்த்த எங்கள் பிள்ளைகள் நடந்தே திரும்பினார்கள். பதினாலு நாள் ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்றதும் எங்கே வைத்தோம்? ஏழாவது வளைவில், ரோட்டோரப் புளிய மரத்தடியில். கீழிருந்து வந்த அரிசி அங்கேயே இறங்கியது. மொட்டைப் பாறையில் வைத்திருந்தால் கருவாடாகியிருப்பார்கள். இதற்காகத்தான் அந்த வளைவைப் போட்டேன் என்று எஞ்சினியரிடம் சொல்லியிருக்கலாம். மச்சான் பக்கத்தில் இருந்தான்.

நேற்றுகூட ஏதோ தேசத்து ராக்கெட்டின் துண்டு விழப்போகிறது என்று அவன் போனில் பார்த்துவிட்டு வந்தான். கடலில்தான் விழும் என்று போட்டிருக்கிறதாம். எதற்கும் இருக்கட்டும் என்று மத்தியானம் வரை ஏழாவது வளைவில் போய் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு டீ கொண்டுபோனேன். குடித்து முடிக்கிற வரை நானும் உட்கார்ந்தேன்.

கல் இன்னும் வெட்டவில்லை. வெட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ‘முதல் சாலை’ என்று போடாதீர்கள், அது பொய். ‘மாட்டு வழி’ என்றும் போடாதீர்கள், அது பாதி. பதினொன்று எருது காட்ட நான் வெட்டியது, ஏழாவது பயந்து வெட்டியது என்று போடுங்கள். யார் பயந்தது என்றும் போடலாம். அடுத்த வருடம் அதை நேராக்குவதானால் ஆக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பன்னிரண்டுக்கும் சேர்த்து என் பெயரை வெட்டுங்கள், இனிஷியலோடு.