ஒன்பதாவது படத்தின் முடிவு

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த ஓராண்டில் பதினான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நேரில் ஒன்பது பேர், போனில் ஐந்து பேர். அஸ்தியை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோகாமல் தூத்துக்குடிக்கு ஏன் கொண்டுபோனேன் என்பதே கேள்வி. "அலைச்சலுக்குப் பயந்துட்டீகளாக்கும்" என்று பதிலையும் சேர்த்துச் சொன்னவர் ஒருவர். இந்த நினைவு மலரை வாங்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

அக்கா ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அப்பா இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அக்கா பத்து வயதில் தீப்பெட்டி ஒட்டப் போனார். பதினைந்து வயதில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். அந்தக் கூலியில்தான் நான் சிவகாசியில் விடுதியில் தங்கிப் படித்தேன்.

அப்போது அங்கே அணைகூடக் கிடையாது. குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடந்த அக்காவுக்குப் பிடித்தது கடற்கொள்ளையர் படம். வேறு படம் எதுவானாலும், "கப்பல் வருதாலே?" என்று கேட்பார். வராது என்றால் போகமாட்டார்.

மழை பெய்தால் பட்டாசு மருந்து காயாது. மத்தியானமே கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள். வேலை பார்த்த பெண்கள் நனைந்தபடியே சிவகாசிக்கு வந்து மதியக் காட்சியில் உட்காருவார்கள். ஆனால் எங்கள் ஊர் பஸ் ஐந்து மணிக்கு. படம் முடிய ஐந்தேகால் ஆகும். அதை விட்டால் வேறு பஸ் இல்லை. ஆகவே அக்காவும் அவரோடு வேலை பார்த்த பதினொரு பெண்களும் கடைசி இருபது நிமிடங்களைப் பார்க்காமல் எழுந்து ஓடுவார்கள்.

அந்த இருபது நிமிடங்களுக்கு நான் பொறுப்பு. சனிக்கிழமை அதே படத்துக்கு நான் போவேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா சீனிச்சேவுப் பொட்டலத்துடன் விடுதிக்கு வருவார். வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் நின்று முடிவைச் சொல்வேன். இப்படி ஒன்பது படங்கள். எட்டு முடிவுகளை உள்ளது உள்ளபடி சொன்னேன்.

ஒன்பதாவது படம் வந்தபோது நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, தூத்துக்குடி லாரி டிரைவரு ஒருத்தரு கம்பெனிக்கு வருவாருன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"வர்ற வெள்ளிக்கெழம லோடு ஏத்த வாராரு. கல்யாணம் பண்ணிக்கிடுவோம், எங்கூட வந்துருன்னு கேக்காரு. துறைமுகத்துப் பக்கம் வீடு பாத்துட்டாராம். நம்ம ஆளுக இல்ல. அம்மாட்ட சொன்னா கொன்னுபோடும். நீ என்னலே சொல்ற?"

"எனக்குப் பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு" என்றேன்.

அக்கா சிரித்தார். "உம் பரீட்சைய நானா எழுதப் போறேன்?" பிறகு பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "சரி, படத்தச் சொல்லு. அந்தப் பிள்ள அப்பன் வீட்ட விட்டு எறங்கி வந்து கரையில நிக்கிதா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. அந்தக் கொள்ளைக்காரன் படகுல ஏறுனாளா?"

"ஏறுனா."

"பெறகு?"

"நடுக்கடல்ல கப்பல் முங்கிப்போச்சு. கொள்ளைக்காரன் நீந்திப் பொழச்சுட்டான். அவ செத்துப்போனா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

படத்தில் கப்பல் முங்கவில்லை. இருவரும் கப்பலின் பாயை விரித்துப் போனார்கள். திரையில் சுபம் என்று வந்தது. அக்காவுக்கு அது தெரிய வழியில்லை. பார்த்த பதினொரு பெண்களும் அதே பஸ்ஸுக்கு எழுந்து வந்தவர்கள். இதையும் யோசித்துத்தான் சொன்னேன். எனக்குப் பதினாறு வயது. விவரம் தெரியாத வயது இல்லை.

வெள்ளிக்கிழமை அக்கா லாரி நின்ற பக்கமே போகவில்லை. அந்த டிரைவர் அதன்பின் இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை வேறு ஆள் வந்தார்.

சினிமாக் கதையைக் கேட்டு யாராவது வாழ்க்கையை முடிவு செய்வார்களா என்கிறான் என் மகன். செய்திருக்க மாட்டார்தான். பயந்து நின்ற ஒருவர் என் வாயிலிருந்து ஒரு சொல் வருமா என்று பார்த்தார். வந்த சொல் அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேலையிடத்தில் நடந்த வெடி விபத்தில் அக்காவின் வலது கையும் கழுத்தும் வெந்தன. பெண் கேட்டு வந்துகொண்டிருந்த நான்கு இடங்களும் நின்றுபோயின. எனக்கு அரசு வேலை கிடைத்து, சூலக்கரைப் பக்கம் வீடு கட்டியதும் அக்கா எங்களோடு வந்துவிட்டார்.

படங்கள் மாறின. கறுப்பு வெள்ளையில் அட்டைக் கப்பல் ஆடியது போய், கலரில் குகைக்குள் பீப்பாய்களைச் சுற்றி நடனம் ஆடினார்கள். எண்பதுகளில் கொள்ளைக்காரன் கறுப்புக் கண்ணாடி போட்ட கடத்தல்காரனாகி, மோட்டார் படகில் வந்தான். "பாய் இல்லாத கப்பலு என்ன கப்பலு" என்று அக்கா அவற்றை ஒதுக்கிவிட்டார். பிறகு வெள்ளைக்காரக் கொள்ளையர்கள் டிவியில் மெட்ராஸ் பாஷை பேசினார்கள். அக்கா அவர்களை ஏற்றுக்கொண்டார். மொத்தம் முப்பத்தொரு படங்கள். விடுதிக் காலத்துக்குப் பிறகு வந்த இருபத்திரண்டுக்கும் முடிவை அவரே பார்த்தார்.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்பதாவது படம் டிவியில் வந்தது. எனக்குத் தலைவலி, அணைத்துவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"மதினி பாக்கட்டும். நீங்க உள்ள போய்ப் படுங்க" என்றாள் என் மனைவி.

நான் படுக்கவில்லை. கடைசி இருபது நிமிடங்களும் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பெண் படகில் ஏறினாள். பாய் விரிந்தது. கப்பல் சிறிதாகிக்கொண்டே போனது.

"முங்கலையே" என்றார் அக்கா. டிவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரையில் சுபம் வந்ததும், திரும்பாமலே, "பரீட்சையில எம்புட்டு மார்க்குலே வாங்குன?" என்று கேட்டார்.

"நானூத்திப் பதினேழு."

"ம்" என்றார். எழுந்துபோய் வடகத்தைத் திருப்பிப் போட்டார். அதன்பின் அவர் கப்பல் படம் பார்க்கவில்லை. என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அக்காவின் அஞ்சலிப் போஸ்டரில் 'தம்பிக்காக வாழ்ந்த தியாகி' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். அக்கா கொடுக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். அந்த வேப்பமரத்தடிக்குப் பிறகு வாழ்ந்த அறுபத்தொரு ஆண்டுகளிலும் அவர் கடலைப் பார்க்கவில்லை. இங்கிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். நான் ஒருமுறைகூடக் கூட்டிப்போகவில்லை. கடலைப் பார்த்தால் அவர் என் முகத்தையும் பார்ப்பார் என்று பயம்.

கடைசி நாற்பது நாட்கள் அக்காவைக் குளிப்பாட்டிய என் மனைவிக்கு நன்றி. மருத்துவமனையில் பொறுமையாகக் கவனித்த செவிலியர்களுக்கு நன்றி. அந்தப் பதினொரு பெண்களில் இன்று இருக்கும் இருவரும் தள்ளாத வயதில் வந்து வாய்க்கரிசி போட்டார்கள், அவர்களுக்கு நன்றி. அவர்களிடம் அன்று உண்மையான முடிவைச் சொன்னேன். ஒருவர் அழுதார். மற்றவர் என்னிடம் அதன்பின் பேசவில்லை, அதுவும் சரிதான்.

தூத்துக்குடியில் கரையோரமாகக் கரைத்துவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டவுடன் படகில் கடலுக்குள் கூட்டிப்போன மீனவப் பெரியவருக்கு என் நன்றி. பானையை மடியில் வைத்துக்கொண்டு, கரை கண்ணுக்கு மறையும்வரை போகச் சொன்னேன். அன்று காற்று இருந்தது, அலையும் இருந்தது. படகு முங்கவில்லை.