கஞ்சி இல்லாத சீயக்காய்

குடவாசல் பக்கம் மூன்று அறுப்பு மிஷினுக்குச் சொந்தக்காரி நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் நாற்றங்காலில்தான். அப்படி முன்னுக்கு வந்த எனக்கு மருமகள் பாடம் நடத்துகிறாள். ஷாம்பூ எல்லாம் கெமிக்கலாம், விட்டுவிட்டாளாம், இனிமேல் இயற்கைதானாம். குளியலறைக் குழாய் சீயக்காய்ச் சக்கையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கம்பி விட்டுக் குத்துவது யார்? நான்தான். இந்த ஊரிலேயே ஷாம்பூவை விட்ட முதல் ஆள் நான் என்பது அவளுக்குத் தெரியுமா? நானாக விடவில்லை, அது வேறு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சென்னையில் ஆட்சி மாறியும் எங்கள் ஊரில் கூலி அளக்கும் மரக்கால் மாறவில்லை. அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு எங்கள் தெருவே அறுவடையை நிறுத்தியிருந்தது. கூலி ஏறும்வரை நிலக்காரரின் பண்ணை வீட்டு வாசலை ஒருவரும் மிதிப்பதில்லை என்று கொடிக்கம்பத்தின் அடியில் எல்லோரையும் சத்தியம் செய்ய வைத்தவர் என் அப்பா. ஒருவர் போனால் மற்றவர்களும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதோடு எல்லாம் முடிந்தது என்பார்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, அதற்கு முன்புவரை பண்ணை வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். ஒரு நாள் சாயங்காலம் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். அடியில் இரண்டு விரற்கடை பச்சைத் தண்ணீர். பண்ணை வீட்டுக்கு வாழ வந்த பட்டணத்துப் பெண் போட்டு மிச்சம் வைத்த ஷாம்பூ. மறுநாள் அதில் கொஞ்சம் என் தலையில் விட்டுத் தேய்த்தாள். அப்படி ஒரு நுரை! என் முடியும் லேசுப்பட்டதில்லை; வட்டாரத்திலேயே அந்த அடர்த்தி யாருக்கும் கிடையாது.

"வெளியில சொல்லிடாதடி" என்றாள் அத்தை. சொல்லவில்லை. முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நேரே சங்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன்.

அப்பா பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"என்னாடி, தல இவ்ளோ மணக்குது? எந்த மகாராசி வீட்டு எண்ணெ?"

"எண்ணெ இல்ல பெரியம்மா, ஷாம்பூ! எங்க அத்தை கொண்டாந்துச்சு."

"எப்ப?"

"நேத்துதான். இன்னும் பாட்டில்ல இருக்கு. ஒங்களுக்கெல்லாம் தர மாட்டேன்."

அறுவடை நின்று மூன்றாவது வாரம் அது. பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "அப்ப சத்தியம் எங்களுக்கு மட்டுந்தானாண்ணே?" என்றார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எந்தங்கச்சி போனது தப்புதான். இனிமே போவாது. நீங்களும் போவாதீங்க." வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்துப் போய் எல்லோர் முன்னாலும் வாய்க்காலில் கவிழ்த்தார். நுரை மிதந்து போவதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். மறுநாள் காலையில் அத்தை ஒரு மஞ்சள் பையோடு நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். வயலில் யாரும் இறங்கவில்லை.

அந்த வாரம் அம்மா என்னை வாய்க்கால் படியில் உட்காரவைத்துச் சீயக்காய் தேய்த்தாள். எங்கள் பக்கம் சீயக்காய்த் தூளை வடிகஞ்சியில்தான் குழைப்பார்கள். அப்போதுதான் முடி வழவழவென்று வரும். அம்மாவோ வெறும் தண்ணீரில் குழைத்தாள். கண் எரிந்தது. முடி தேங்காய் நாராகிப் போனது. சீப்பு இறங்கவில்லை.

"கஞ்சி ஊத்தித் தேய்க்கக் கூடாதா? எல்லாத்துக்கும் சோம்பேறித்தனம் ஒனக்கு!" என்று கத்தினேன். அம்மா இன்னொரு செம்புத் தண்ணீரை மொண்டு என் தலையில் ஊற்றினாள். அடுத்த வாரமும் வெறும் தண்ணீர்தான். அதற்கடுத்த வாரமும் அதுதான். சொல்லாமல் கொள்ளாமல் போன அத்தைமேலும் எனக்குத் தீராத கோபம்.

கஞ்சி வடிக்க முதலில் அரிசி வேண்டும். தெருவே பட்டினி கிடந்த அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டு உலை மட்டும் கொதித்தது. ஷாம்பூ வந்த முந்தானையில்தான் அரிசியும் வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. கஞ்சி கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தேன்.